களவெடுத்த கன்று

மழை விட்டுப் பதினோராம் நாள்.
கிணற்றில் கை எட்டும் உயரத்தில் தண்ணீர்.
டைக் வீதி மணல் கொஞ்ச நாளைக்கு
தன்னை மண் என்று நம்பிக்கொள்ளும் பருவம்.

முப்பது யோகட் கோப்பைகள்,
ஒவ்வொன்றின் அடியிலும் ஆணியால் மூன்று துளை.
ஆட்டெருவும் உமிச்சாம்பலும் என்னுடையவை.
செம்மண் ஆண்டாங்குளத்திலிருந்து ஓட்டோவில் வந்தது.
கூலி கேட்டதற்குத் தயாளராசா,
"முளைச்சால் ரெண்டு தாங்கோ" என்றார்.

மா ஆலையில் கணக்கெழுதுகிறவள் நான்.
எதையும் எண்ணாமல் விடமாட்டேன்.
முளைத்த கோப்பை இருபத்துமூன்று.
கன்று இருபத்துநான்கு:
ஒரு கோப்பையில் இரண்டு கத்தரி
ஒரே துளிர் மாதிரி ஒட்டிக்கொண்டு.
ஒன்றைக் கிள்ளி எறிய வேண்டும், தெரியும்.
மூன்று நாள் விரலை நீட்டி நீட்டி மடக்கினேன்.

பிறகு பங்கு.
இதை நான் யாருக்கும் சொன்னதில்லை:
தடித்த தண்டு, கரும்பச்சை இலை,
நேராய் நின்ற எட்டையும் எனக்கு வைத்துக்கொண்டேன்.
தயாளராசாவுக்கு வெண்டி இரண்டு.
இரேஷாவுக்கு நாலு, பெர்னடெட்டுக்கு மூன்று,
எல்லாம் சுமார்.
கோணல், சோகை, இரட்டை,
மிச்சம் ஆறு கோப்பையும் ஜெசீமாவுக்கு.

மதிலுக்கு மேலால் நீட்டினேன். வாங்கவில்லை.
"கேட்டு வாங்கின கண்டு வேர் புடிக்காது.
நீங்க அந்தப் பக்கம் திரும்புங்க,
நான் களவெடுக்கிறன்."
சிரித்துக்கொண்டு திரும்பினேன்.
எதிரே டச்சுக்குடாவில் ஒரு வள்ளம்
வலையைப் பின்னால் இழுத்துக்கொண்டு போனது.
முதுகுக்குப் பின்னால் கோப்பைகள் உரசும் சத்தம்,
ஒன்று, இரண்டு, ஆறு.

மாசி நடுவில் ஒருநாள்
இரவு வேலை முடிந்து வந்தவள்
படலைக்குக் கொளுக்கி போடாமல் படுத்துவிட்டேன்.
விடிய எழுந்தால்
பாத்தி முழுக்கக் குளம்படி,
இரட்டை இரட்டையாய், நிறுத்தற்குறி போல.
எட்டுத் தண்டும் எட்டு நெருப்புக்குச்சி.
பக்கத்தில் விதைத்த பயற்றைக்குப்
பந்தல் கம்பு மட்டும் மிச்சம்.
மிளகாயை மோந்து பார்த்து விட்டிருக்கிறார்கள்.
கோட்டைப் பக்கத்து மான்கள்
தபால் கந்தோர் வாசலில் படுத்து அசைபோடுகிறவை.
இந்த ஊரில் யார் அவற்றுக்குக் கல்லெறிவார்?
பஸ்கூட ஹோர்ன் அடித்துவிட்டுக் காத்திருக்கும்.

மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.
கோணல் கத்தரி
கோணலாகவே இடுப்பளவு.
முதல் பூ, ஊதா, கவிழ்ந்தபடி.
இரட்டையை அவள்
தண்ணீருக்குள் வைத்து வேர் பிரித்து
ஒன்றை நிலத்தில் நட்டிருந்தாள்.
மற்றது இன்னும் கோப்பையில்,
மதிலின்மேல், என் பக்கமாக.

அடியில் மூன்று துளை. என்னுடைய ஆணி.

"ஜெசீமா" என்றேன்.
வெறும் பாத்தியைப் பார்த்தாள். மான் என்று கேட்கவில்லை.
"எனக்கு அடுப்பில வேல கெடக்கு" என்று சொல்லி
முழுதாய்த் திரும்பி நின்றாள்.
அடுப்புக்குப் போகவுமில்லை.

எட்டுக்கும் அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்றிருந்தது.
வாய் வரவில்லை. கை போனது.

கொப்பியில் எழுதினேன்:
வரவு ஒன்று.
யாரிடமிருந்து என்ற இடத்தில்
பேனை கொஞ்ச நேரம் நின்று மை ஊறிற்று.
பிறகு எழும்பிப் போய்ப்
படலையைக் கம்பியால் கட்டினேன்,
இரண்டு முறுக்கு,
பிறகு இன்னொன்று.